சின்னப்பையன் அவிழ்த்துவிட்ட கிரேன்

சின்னப்பையன் உயிரோடுதான் இருக்கிறார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் செத்துவிட்டதாக நம்புகிறார்கள். கிரேனின் உச்சியிலிருந்து விழுந்தார் என்று எதிர்வீட்டில் சொல்வார்கள். விழவில்லை, மேலேயே உயிர் போய்விட்டது என்று கோடிவீட்டில் சொல்வார்கள். இரண்டும் இல்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் பேருந்தைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஊரில், சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு மனைவி செங்கம்மாளோடும் மகள் சங்கவியோடும் இருக்கிறார். வயது நாற்பத்தைந்து. இடது முழங்கால் மட்டும் மழை நாளில் வலிக்குமாம்.

அவர் செத்த கதை எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். என் கைப்பேசியிலிருந்து.

அவர் மலையை விட்டு இறங்கியபோது வயது இருபது. அந்த ஊர்ப் பையன்களை ஆந்திரப் பக்கம் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போக ஆட்கள் வரத் தொடங்கியிருந்த காலம். அவர் அந்த வண்டியில் ஏறவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"வேலை இன்னான்னு சொல்லாம வண்டியில ஏத்தறவன்கூட எப்டித் தம்பி போறது?" என்றார். அவ்வளவுதான். அந்த வண்டியில் போனவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை என்பதை வேறொருவர் சொல்லித்தான் கேட்டேன்.

சென்னைக்குப் போய்க் கலவைச் சட்டி தூக்கினார். பிறகு ஆறு வருடம் கிரேன் கொக்கியில் பாரம் மாட்டுகிற வேலை. நான்கு வருடம் கீழே நின்று மேலே இருப்பவருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. அதற்கப்புறம் கிரேனை வாடகைக்கு விடும் கம்பெனியே அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, மேலே ஏற்றியது. புளிய மரத்திலும் கடுக்காய் மரத்திலும் ஏறி வளர்ந்தவருக்கு உயரம் பழக்கம். ஆனால் மரம் ஏறுகிறவனுக்கு இருக்கிற துணிச்சல் கிரேனுக்கு ஆகாது என்பார். மரத்தில் பிடியை விட்டால் நீ விழுவாய், இதில் நீ பிடியை விட்டால் கீழே இருப்பவன் மேல் விழும், அதனால் பயந்துகொண்டேதான் ஏற வேண்டும் என்பார்.

இரண்டாயிரத்து இருபதில், கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு, கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலைப் பக்கம் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஏழு மாடிக் கட்டடம் எழும்பத் தொடங்கியது. அதற்காக ஒரு டவர் கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதன் நீண்ட இரும்புக் கை எங்கள் தெருவின் நாற்பது வீடுகளுக்கும் மேலாகப் போய்த் திரும்பும். அதன் நிழல் வாசலைக் கடந்துபோகும்போது என் அம்மா கோலம் போடுவதை நிறுத்திவிட்டு, அது போன பிறகு தொடர்வாள். அந்தக் கிரேனின் ஆபரேட்டராக வந்தார் சின்னப்பையன். இருபது வருடம் வெளியூரில் கிடந்தவருக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போக முடிகிற தூரத்தில் வேலை. அதற்காகச் சம்பளம் குறைத்துக்கொண்டு கேட்டு வாங்கி வந்ததாகச் சொன்னார்.

அப்போது நான் பி.இ. சிவில் முடித்து ஒன்றரை வருடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். அப்பா ராமசாமி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிறவர், பாதி சொந்த நிலம், பாதி குத்தகை. அந்தக் கட்டடத்தில் சைட் இன்ஜினியர் வேலை கேட்டுப் போனேன். அனுபவம் இருந்தால் வா என்றார்கள். அனுபவத்துக்கு எங்கே போவது என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். அந்த வாசலிலேயே டீக்கடை. அங்கேதான் சின்னப்பையன் பழக்கமானார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்தது. எங்கள் சாதிக்குத் தனியாக இருபது சதவீதம் வேண்டும் என்று மறியல், மனு, சுவரெழுத்து. அப்பா எண்பத்தேழு மறியலில் சாலையில் உட்கார்ந்தவர். நான் கைப்பேசியில் உட்கார்ந்தேன். எங்கள் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுவில் நூற்றெண்பது பேர். அறிவிப்பு எழுதுவது, படம் போடுவது எல்லாம் நான். நன்றாக எழுதுகிறாய் என்று முதன்முதலாக என்னிடம் சொன்னவர்கள் அவர்கள்தான்.

கார்த்திகை மாதம் முதல் புயல் அறிவிப்பு வந்தது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கரை ஏறும், உள்மாவட்டங்களிலும் காற்று வீசும் என்றார்கள். அன்று மதியம் டீக்கடையில் சின்னப்பையன் அவசர அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேல வேலை இருக்குது தம்பி. கொக்கிய மேல ஏத்தி, கிட்ட இழுத்து வெச்சிட்டு, பிரேக்க வுட்டுட்டு வரணும்."

"பிரேக்க வுடணுமா?" என்றேன்.

"ஆமா. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் கை தானா திரும்பிக்கும். புடிச்சி வெச்சா ஒடிஞ்சி வுழும். வுட்டாதான் நிக்கும்."

நான் குழுவில் வந்துகொண்டிருந்த செய்திகளைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன். அந்த "ம்" என்னை விடுவதில்லை. அவர் சொன்னது காதில் விழுந்ததா, மனதில் ஏறியதா, ஏறியும் நான் தள்ளிவிட்டேனா? மூன்று வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் வேறு.

மறுநாள் காலை விடிந்தபோது காற்று உறுமிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக்குப் போனேன். மழைக்கு நடுவே கிரேனின் கை தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேபினில் யாரும் இல்லை. ஒரு பக்கம் வேகமாகப் போகும், தயங்கும், யாரோ கூப்பிட்டதுபோல் மறுபக்கம் திரும்பும். இரும்பு உரசும் சத்தம் ஒன்று வந்தது, நீளமாக, முனகல் போல. எங்கள் வீட்டுக்கு மேலாக அது வந்து போனபோது நான் குனிந்துவிட்டேன். நாற்பது மீட்டர் உயரத்தில் போவதற்குக் குனிந்தேன்.

முப்பது வினாடி வீடியோ எடுத்தேன். அதன் கீழே எழுதினேன்: "கள்ளக்குறிச்சியில் கழன்று சுற்றும் கிரேன். கோட்டாவில் ஏறியவன் பிரேக் போட மறந்தான். போதையில் மலைக்குத் தப்பி ஓட்டம்."

கோட்டா என்று ஏன் எழுதினேன்? அது தனியார் கம்பெனி வேலை. அதில் கோட்டாவே கிடையாது. மலை மக்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இருக்கிறது என்பதும், எனக்குக் கிடைக்காத வாசலுக்குள் அவர் தினமும் போய்வருகிறார் என்பதும் எனக்குள் ஏதோ ஒரு இடத்தில் சேர்ந்து கிடந்திருக்க வேண்டும். போதை என்று எழுதியதற்கு அந்தக் காரணம்கூட இல்லை. மலை என்றதும் விரல் அடுத்த சொல்லை அடித்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்கும் குழுவில், ஒதுக்கீட்டைக் கேலி செய்து நான் போட்ட அந்த வரிக்குக் கால் மணி நேரத்தில் அறுபது பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

பத்து மணிக்குள் அது ஊரைச் சுற்றி என் அம்மாவின் கைப்பேசிக்கே வந்துவிட்டது. "பார்றா தீனா, நம்ம கிரேனு" என்று எனக்கே காட்டினாள். பதினொரு மணிக்கு எங்கள் தெரு காலியானது. கைக்குழந்தைகளோடும் ஆட்டுக்குட்டிகளோடும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். காற்று கொஞ்சம் தணிந்ததும் ஆண்கள் கட்டட வாசலில் கூடினோம். சூப்பர்வைசர் சுப்புராயன் கேட்டைத் திறக்கவே பயந்தார்.

தப்பி ஓடியதாக நான் எழுதிய ஆள், கேட்டுக்கு உள்ளே, ஒரு பிளாஸ்டிக் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார். ராத்திரி முழுக்க அங்கேயே நின்றிருக்கிறார். அண்ணாந்து கிரேனைப் பார்த்தபடி.

"ஓடிட்டான்னாங்க, இங்கதான கீறான்" என்றார் யாரோ. ஆள் இருந்ததில் அவர்களுக்கு ஏமாற்றம் போலத் தெரிந்தது.

அப்பா முன்னால் போனார். "ஏம்பா ஆபரேட்டரு, இன்னா இது? அவுத்து வுட்டுட்டு வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற?"

"சுத்தணும்ங்க. சுத்துனாதான் நல்லதுங்க."

"தலைக்கு மேல சுத்துறது நல்லதா? மாஸ்க்க கழட்டு. ஊது."

சின்னப்பையன் முகக்கவசத்தைக் கழற்றினார். என் அப்பாவின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார். போலீஸ்காரரிடம் ஊதுவது போல, இரண்டு முறை.

"டீ வாசனைதான் வருது" என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

"மாமா, அது மலைச் சரக்கு. வாசனையே வராது" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று தெரியவில்லை. வாய் அசைந்த ஞாபகம் இருக்கிறது. சின்னப்பையன் கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்து, தெரிந்தவனைப் பார்க்கிற முகத்தோடு, "தம்பி, நீ சொல்லுப்பா. நேத்து சொன்னேனே" என்றார்.

நான் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே வீடியோ சென்னையில் கிரேன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இரு என்று அவரிடம் சொன்னார்கள். வடக்கனந்தல் வழியாக வெள்ளிமலை போகும் பேருந்து ஓடத் தொடங்கிய அன்றே கிளம்பிப் போனார். ஆன்லைன் வகுப்புக்காகச் சங்கவிக்கு அந்த வருடம்தான் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பு. அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் வகுப்புக் குழுவுக்கு வீடியோ போய்விட்டது. "அப்பா, நீ குடிச்சிட்டு ஓடி வந்தியா?" என்று கேட்டிருக்கிறாள். இது பின்னால் தெரிந்தது.

ஒரு வாரம் கூட ஆகவில்லை, அடுத்த புயல் அறிவிப்பு. இந்த முறை தெரு முந்திக்கொண்டது. போன தடவை அவிழ்ந்து கிடந்ததால்தான் ஆடியது, இந்தத் தடவை கட்டியே ஆக வேண்டும் என்று சுப்புராயனைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் நின்றது அப்பா. அவர் சொன்னது அவருடைய நாற்பது வருட அனுபவம்.

"காத்து வருதுன்னா கரும்ப இன்னா பண்றோம்? சோகைய முறுக்கி, நாலு நாலு கழியா சேத்து விட்டம் கட்றோம். கட்டுன கொல்லை நிக்கும். கட்டாத கொல்லை படுத்துரும். இரும்பா இருந்தா இன்னா, கரும்பா இருந்தா இன்னா? காத்து ஒண்ணுதான?"

அதற்குள் குழுவில் யாரோ இன்னொரு செய்தியும் போட்டிருந்தார்கள். கட்டாத கிரேன்கள் எல்லாம் விழும் என்று வானிலைக்காரர்களே எச்சரித்ததாக. அப்படி யாரும் எச்சரிக்கவில்லை. ஆனால் கரும்புக்கொல்லை வைத்திருக்கிற ஊரில் அந்தப் பொய்க்குச் சாட்சியே தேவைப்படவில்லை. சுப்புராயனும் கரும்புக்காரர் பிள்ளை. கொக்கியைக் கீழே இறக்கி, இரும்புக் கயிற்றால் ஒரு தூணோடு சேர்த்து ஏழு சுற்றுக் கட்டினார்கள். மேலே ஒருவன் ஏறிச் சுழல் பிரேக்கைப் போட்டுவிட்டு வந்தான். கை எங்கள் தெருவுக்குக் குறுக்காக, அசையாமல் நின்றது. அம்மா அன்று நிம்மதியாகச் சமைத்தாள்.

எனக்கோ "புடிச்சி வெச்சா ஒடிஞ்சி வுழும்" என்றது காதில் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கிரேன் மாடலின் கையேட்டை இணையத்தில் தேடிப் படித்தேன். வேலை நேரம் முடிந்தால் கையைக் கட்டக் கூடாது, காற்றோடு திரும்ப விட வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நான்கு வருடம் படித்தவனுக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. சுப்புராயனிடம் காட்டினேன். "உங்கப்பாகிட்ட காட்டு தம்பி, நான் அவுத்துட்டு வாழ முடியாது" என்றார். அப்பா கண்ணாடி போடாமலே படித்ததாகச் சொன்னார். வேறு வழி தெரியாமல் சின்னப்பையனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கட்டிட்டாங்க."



"கை எந்தப் பக்கம் நிக்குது?"

"எங்க தெரு மேல."

"வரேன்."

மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது. யாருடைய வண்டியையோ வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேரத்தில் வந்து நின்றார். பகல் மூன்று மணி. மழை சாய்வாக விழத் தொடங்கியிருந்தது. கேட்டில் முப்பது பேர் காவல் இருந்தார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. "அவுக்கணும்ங்க. இல்லன்னா பொம்பளைங்க, புள்ளைங்கள எல்லாம் அந்தாண்ட கூட்டிம் போங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க" என்றார்.

"போன தடவ அவுத்து வுட்டு நாங்க பட்டது போதாதா?"

"போன தடவ வுழுந்துதா?" என்று கேட்டார்.

 அந்தக் கேள்வியே அவர்களுக்குக் கோபமாகிவிட்டது. அவர் என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இந்தத் தம்பி படிச்சவரு. உங்க புள்ள. இவரக் கேளுங்க."

"புக்குல அவுக்கணும்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"புக்குல போட்டிருக்கா? நீதானடா போன வாரம் பிரேக் போடலன்னு போட்ட?" என்றான் குழுவில் இருந்த ஒருவன்.

அப்போது ஒரு வாக்கியம் போதும். நான் போட்டது பொய் என்று சொன்னால் போதும். சின்னப்பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது, "அது வேற."

அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் என்னோடு சண்டை போட்டார்கள். எது வேற, எப்படி வேற என்று. அந்தச் சண்டையில் யாரும் கேட்டைக் கவனிக்கவில்லை. பார்த்தபோது தூணில் கட்டு அவிழ்ந்து கிடந்தது. சின்னப்பையன் ஏணியில் பாதி உயரம் போயிருந்தார்.

அவர் ஏறியதை எல்லாரும் பார்த்தோம். காற்று வரும்போது ஏணியோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். போனதும் நான்கு படி. மறுபடி நிற்பார். கீழே கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கேபினுக்குள் போனார். கொக்கி மேலே ஏறியது, தண்டவாளத்தில் ஓடி அடிப்பக்கம் ஒட்டியது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று கை எங்கள் தெருவை விட்டு மெதுவாக விலகி, காற்று போகிற திசையில் திரும்பி, மூச்சு விட்டது போல் லேசாக ஆடி நின்றது. இறங்கும்போதுதான் முழங்கால் இரும்பில் அடிபட்டது.

அந்தப் புயல் கடலிலேயே வலுவிழந்தது. எங்களுக்கு வெறும் மழைதான் வந்தது. கட்டியே வைத்திருந்தாலும் கிரேன் நின்றிருக்குமோ என்னவோ. யாருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய கெட்ட நேரம். நடக்காத ஒன்றைத் தடுத்தேன் என்று எப்படிக் காட்டுவது? ஆனால் அவர் கட்டை அவிழ்த்துவிட்டு ஏறிய வீடியோ இருந்தது. இந்த முறை நான் எடுக்கவில்லை. "ஊரைப் பழிவாங்கக் கிரேனை அவிழ்த்துவிட்ட மலையான்" என்று எழுதியிருந்தார்கள். என்னைவிட நன்றாக எழுதியிருந்தார்கள். விசாரணைக்கு என்று ஒரு நாள் முழுக்க அவரை உட்கார வைத்து அனுப்பினார்கள். அனுமதியில்லாமல் ஏறினார் என்று கம்பெனி அவரை நீக்கியது. அதற்குப் பிறகு எந்தக் கிரேனிலும் அவர் ஏறவில்லை. மற்ற கம்பெனிக்காரர்களிடமும் கைப்பேசி இருந்தது.

வேலை நின்று போன கட்டடத்தின் மேல் கிரேன் ஐந்து மாதம் ஆள் இல்லாமல் நின்றது. அவர் அவிழ்த்தது அவிழ்த்தபடி. ஒவ்வொரு காற்றுக்கும் திரும்பும், அந்தச் சத்தத்தோடு. ஆள் இல்லாத கேபின் நம் பக்கம் திரும்பும்போது யாரோ பார்ப்பது போலவே இருக்கும். வடக்குச் சன்னல்களைச் சாத்தியே வைக்கத் தொடங்கினார்கள். அவர் விழுந்து செத்தார், ஆவி உட்கார்ந்து சுற்றுகிறது என்று பேச்சு வந்தது அப்போதுதான். அப்பா மொட்டை மாடியில் படுப்பதை விட்டார். பேய்க்குப் பயந்தா என்று அம்மா கேலி செய்தபோது, "அந்த ஆளு ஊதுனது மூஞ்சியில அப்டியே கீதுடி" என்றார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்டது அது ஒன்றுதான்.

சின்னப்பையனே இந்தப் பேய்க்கதையைக் கேட்டிருக்கிறார். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் செல்லியம்மாள், மலை பஸ்ஸுக்குக் காத்திருந்த அவரிடமே சொல்லியிருக்கிறாள்.

"அதோ தெரியுது பாரு, அந்தக் கிரேன்ல ஒரு மலையான் செத்துட்டான். இன்னும் சுத்திக்கினே இருக்கான், பாவம். அந்தப் பக்கம் போவாத."

"போவலம்மா" என்று சொல்லிவிட்டு, சங்கவிக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு ஏறினாராம்.

கிரேனைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். வீடியோ போகவில்லை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் வருகிறது. ஒரு வருடம் அது நாகப்பட்டினம். ஒரு வருடம் வேறு மாநிலம். மூன்று வருடம் கழித்துச் சென்னையைப் புயல் முடக்கியபோது அது சென்னை ஆனது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். "கோட்டாவில் ஏறியவன்" அப்படியே இருக்கிறது. அது பொய், எடுத்தவன் நான்தான் என்று இரண்டு தடவை விளக்கம் போட்டேன். முதல் தடவை பதினொரு பேர் பார்த்தார்கள். இரண்டாம் தடவை, விளம்பரத்துக்காகச் சொல்கிறான் என்று ஒருவர் எழுதினார். மின்விசிறி சுற்றும் அறையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சங்கராபுரத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறேன் இப்போது. அங்கே ஒரு மின்விசிறி நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும்.

வீடியோ சென்னை ஆன அந்த வருடம்தான் மலைக்குப் போனேன்.

சின்னப்பையன் வாசலில் மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். "வா தம்பி" என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. செங்கம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பஸ் கூட்டமா, அப்பா சௌக்கியமா, ஆலை அரவை ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு நானே சென்னைப் புயல் வீடியோவைக் காட்டினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் காட்டினேன்.

அவர் வாங்கி மூன்று தடவை பார்த்தார். கண்ணைச் சுருக்கி, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து.

"சுத்தறத பாரு" என்றார். "எங்கியும் இடிக்கல. எங்கியும் திக்கல. எவ்ளோ அழகா வுட்டிருக்கேன் பாரு."

அந்த வீடியோவை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்களோ, ஒரு வேலை ஒழுங்காக முடிந்திருப்பதை அதில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நான்காவது தடவையும் ஓட விட்டார். விரலால் ஓர் ஓரத்தைத் தொட்டார். "இது உங்க மொட்டை மாடி. தொட்டிக்கு இந்தாண்ட ஒடைஞ்ச கைப்பிடிச் சுவரு தெரியுதா? நாலு மாசம் மேலருந்து பாத்தேன். எல்லார் மாடியும் எனக்குத் தெரியும்." கைப்பேசியைத் தரவில்லை. "மொத தபா பாத்தப்பவே தெரியும். எழுத்தும் நீதானா?"

"நான்தாண்ணா."

"பிரேக் வுடணும்னு மொத நாளே சொன்னேனே. அத கேட்டுட்டா எழுதுன?"

"தெரியலண்ணா. கேட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

அவர் குச்சிகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். என்னவோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நான் குடிச்சேனா இல்லியான்னு எனக்குத் தெரியாதா? மூணு வருசமா அவதான் எம் மூஞ்சியப் பாக்கறதில்ல. கேட்டா படிக்கிறேம்பா. சொன்னா நம்பறதில்ல. அவகிட்ட சொல்லு." உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "சங்கவி, இங்க வாம்மா."

பன்னிரண்டாம் வகுப்புப் பெண். புத்தகத்தை விரலால் மடித்துப் பிடித்தபடி வந்து நிலைப்படியில் நின்றாள். சொன்னேன். மாடி, வீடியோ, போதை என்று எழுதியது, கூட்டத்தில் குனிந்துகொண்டது, "அது வேற" என்றது. சொல்லும்போது என் கதை மிகவும் சின்னதாக இருந்தது.

"அப்பா ஓடலியா?"

"ஓடல. ராத்திரி பூரா மழையில நின்னாரு."

"கோட்டாவுல ஏறுனவன்னு போட்டிருக்கே. அப்பாவுக்கு ஏது கோட்டா?"

"இல்ல."

"இந்த வருசம் காலேஜுக்குப் போடணும். பழங்குடின்னு இருக்கிற கட்டத்துல டிக் அடிக்க மாட்டேன்னு வூட்டுல சண்ட போட்டுக்கினு இருக்கேன். இத படிச்சதுலருந்துதான்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க அப்ப எதுக்கோ போராடுனீங்களாமே. எதுக்கு?"

"இட ஒதுக்கீடு கேட்டு."

"யாருக்கு?"

"எங்களுக்கு."

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை நிலைப்படியில் வைத்தாள். பிறகு அப்பாவிடம் போய், அவர் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வீடியோவை ஓட விட்டாள். அவர் எதையோ தொட்டுக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

"அம்மா, வெளிய வா" என்று கூப்பிட்டாள். பிறகு என்னிடம், "மொதல்லருந்து சொல்லுங்க. அம்மாவும் கேக்கட்டும்" என்றாள்.

செங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.